தொண்ணூறு மணித்தியாலங்கள்: நெடுந்தூரச் சைக்கிளோட்டமும் அதற்கான ஆயத்தமும்

சைக்கிள் என்றவுடன் எமக்கு நினைவுக்கு வருவது அன்றாட வாழ்க்கைதான். பாடசாலைக்கும் பின்னேர வகுப்புக்கும் போய்வருவது, அவசரமாகக் கடைக்கு ஓடுவது, தம்பியைப் பின்னால் ஏற்றிச் செல்வது என்று நாலைந்து கிலோமீற்றருக்குள் அதன் உலகம் முடிந்துவிடுகிறது. அதே சைக்கிளில் 1200 கிலோமீற்றர் தூரத்தை ஒரே பயணமாகக் கடக்க முடியுமா? பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை எமது நாட்டின் நீளமே 435 கிலோமீற்றர் அளவுதான். அதைப் போல் இரண்டே முக்கால் மடங்கு தூரத்தை, இரவு பகல் பாராமல், மூன்று நாட்களும் 18 மணித்தியாலங்களும் கொண்ட காலத்துக்குள் ஓட்டி முடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தொழில்முறை வீரர்கள் அல்லர். ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், தாதியர், ஓய்வுபெற்றவர்கள் என்று எம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள். அவர்கள் அதற்கு எவ்வாறு தகுதி பெறுகிறார்கள், எவ்வாறு ஆயத்தமாகிறார்கள் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை

இவ்வகைப் பயணங்களுள் மிகப் பழமையானதும் புகழ்பெற்றதும் பிரான்ஸ் நாட்டின் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஆகும். பிரெஸ்ட் என்பது பிரான்ஸின் மேற்குக் கோடியில், அத்திலாந்திக் சமுத்திரக் கரையில் உள்ள துறைமுக நகரம். பாரிஸ் பகுதியிலிருந்து அங்கு சென்று திரும்புவதே பயணம்.

1891ஆம் ஆண்டு, 'லெ பெட்டி ஜேர்னால்' என்ற பத்திரிகையின் ஆசிரியர் பியர் ஜிஃபார் இதனை முதன்முதலில் ஒழுங்குசெய்தார். சைக்கிள் என்பது விளையாட்டுப் பொருள் அல்ல, நெடுந்தூரப் பயணத்துக்கும் உதவும் வாகனம் என்று மக்களுக்கு நிரூபிப்பதே அவரது எண்ணம். 206 பேர் புறப்பட்டனர். நூறு பேரளவில் முடித்தனர். முதலாவதாக வந்த சார்ள்ஸ் தெரோன் ஏறத்தாழ 71 மணித்தியாலங்கள் எடுத்தார். அவருக்கு முன்னால் சென்றுகொண்டிருந்த ஜியேல் லவால் மூன்றாம் இரவில் நித்திரை கொண்ட வேளையில், தெரோன் அவரைத் தாண்டிச் சென்றுவிட்டார். நெடுந்தூர ஓட்டத்தில் கால்களின் பலத்தோடு நித்திரையும் முடிவைத் தீர்மானிக்கும் என்பது முதல் போட்டியிலேயே தெரிந்துவிட்டது.

தொழில்முறை வீரர்களுக்கான போட்டி 1951இற்குப் பின் நடைபெறவில்லை. ஆனால் 1931 முதல் சாதாரணப் பயணிகளுக்காக 'ஓடாக்ஸ் கிளப் பாரிஸியன்' என்ற கழகம் நடத்திவரும் பயணம் இன்றும் தொடர்கிறது. இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆகஸ்ட் மாதத்தில் நடைபெறுகின்றது. இறுதியாக 2023இல் ரம்பூயே நகரிலிருந்து புறப்பட்ட இப்பயணத்தில் உலகெங்குமிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். அடுத்தது 2027இல்.

இதில் முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் இல்லை. பரிசுப் பணமும் இல்லை. குறித்த நேரத்துக்குள் முடித்த அனைவரும் சமம். ஐம்பது மணித்தியாலத்தில் வந்தவருக்கும் எண்பத்தொன்பதாவது மணித்தியாலத்தில் வந்தவருக்கும் ஒரே விதமான பதக்கம்தான்.

தகுதி பெறும் நான்கு படிகள்

விரும்பியவர் எல்லோரும் பணம் கட்டிப் புறப்பட்டுவிட முடியாது. 18 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அத்துடன் பயணம் நடைபெறும் அதே ஆண்டில் நான்கு தகுதிகாண் பயணங்களை முடித்திருக்க வேண்டும். இவற்றைப் பிரெஞ்சு மொழியில் 'பிரெவே' என்பர். 200 கிலோமீற்றரை 13½ மணித்தியாலத்திலும், 300 கிலோமீற்றரை 20 மணித்தியாலத்திலும், 400 கிலோமீற்றரை 27 மணித்தியாலத்திலும், 600 கிலோமீற்றரை 40 மணித்தியாலத்திலும் முடிக்க வேண்டும். நான்கையும் ஒரே ஆண்டில் முடித்தவருக்கு 'சுப்பர் ரான்டோனர்' என்ற பட்டம் உண்டு. ரான்டோனர் என்றால் நெடுந்தூரப் பயணி.

இதற்காகப் பிரான்ஸுக்குப் போகவேண்டியதில்லை. பாரிஸ் கழகத்தின் அங்கீகாரத்துடன் பல நாடுகளில் இப்பயணங்கள் நடத்தப்படுகின்றன. அயல்நாடான இந்தியாவில் சென்னை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களிலும் நடைபெறுகின்றன.

பயணத்தின்போது ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை இருக்கும். பாதையில் ஆங்காங்கே உள்ள சோதனை நிலையங்களில் அந்த அட்டையில் முத்திரையும் நேரமும் பதியப்பட வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு. மூடும் நேரம், மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தை வைத்துக் கணிக்கப்படுகிறது. 150ஆவது கிலோமீற்றரில் ஒரு நிலையம் இருந்தால், பத்து மணித்தியாலம் முடிவதற்குள் அங்கு சேர வேண்டும். குறுக்குவழியில் செல்பவரைக் கண்டுபிடிக்க முன்னறிவித்தல் இல்லாத இரகசிய நிலையங்களும் வைக்கப்படுவதுண்டு. பின்தொடரும் வாகனத்தில் இருந்து உதவி பெறுதல் கூடாது. சொந்தக்காரர் யாரேனும் உதவ வந்தால், அவ்வுதவியைச் சோதனை நிலையத்தில் மட்டுமே பெறலாம். மற்றைய இடங்களில் டியூப் வெடித்தாலும் செயின் அறுந்தாலும் தன் கையே தனக்குதவி.

இந்த நான்கு படிகளும் ஒவ்வொரு பாடத்தைக் கற்பிக்கின்றன.

200 கிலோமீற்றர் என்பது கொழும்பிலிருந்து கண்டிக்குச் சென்று திரும்பும் தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. இதில் கற்பது, ஆசனத்தில் ஒரு முழுப் பகலும் உட்கார்ந்திருப்பது. ஆசனத்தின் உயரமும் கைப்பிடியின் தூரமும் ஒரு சென்றிமீற்றர் பிழையாக இருந்தாலும், மாலையாகும்போது முழங்காலும் முதுகும் அதைச் சொல்லிவிடும்.

300 கிலோமீற்றரில் உணவின் பாடம் தொடங்குகிறது. பெரும்பாலானோர் இருட்டிய பின்னரே இதை முடிப்பதால், வெளிச்சத்தின் பாடமும் சேர்ந்துகொள்கிறது.

400 கிலோமீற்றரில் ஓர் இரவு முழுவதையும் எதிர்கொள்ள வேண்டும். பலர் இதையே நான்கிலும் கடினமானது என்கிறார்கள். நன்றாக நித்திரை கொள்வதற்கு நேரம் போதாது. நித்திரையே கொள்ளாமல் ஓட்டுவதற்கு இரவு நீளமானது.

600 கிலோமீற்றர் கற்பிக்கும் பாடம் வேறு. முதல் நாள் 350 அல்லது 400 கிலோமீற்றர் ஓட்டிவிட்டுச் சில மணித்தியாலம் கண்ணயர்ந்தவர், உடல் முழுவதும் வலியோடு எழும்பி மீண்டும் சைக்கிளில் ஏற வேண்டும். எழும்பியதும் மனம் ஆயிரம் சாட்டுகள் சொல்லும். ஏறி அரை மணித்தியாலம் ஓட்டினால் அவற்றில் பல காணாமல் போய்விடும் என்பதை அனுபவத்தில் அறிவதே அந்தப் பாடம்.

நேரம் எங்கே போகிறது?

மணிக்கு 15 கிலோமீற்றர் என்பது பெரிய வேகமில்லை. அப்படியிருக்க ஏன் பலர் தோற்கிறார்கள்? ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம்.

600 கிலோமீற்றர் பயணத்தில் இருவர் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் மணிக்கு 24 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டுகிறார். அவருக்கு ஓட்டத்துக்கு மட்டும் 25 மணித்தியாலம் தேவை. ஆனால் அவர் 50 கிலோமீற்றருக்கு ஒருமுறை இறங்கி, தேநீர் குடித்து, தொலைபேசியைப் பார்த்து, கதைத்து, ஒவ்வொரு தடவையும் 50 நிமிடம் தங்குகிறார். பன்னிரண்டு தடவைகளில் 10 மணித்தியாலம் போய்விடுகிறது. ஆக மொத்தம் 35. இரண்டாமவர் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஆறுதலாக ஓட்டுகிறார். ஓட்டத்துக்கு 30 மணித்தியாலம். தங்குவது ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் மட்டும் என்பதால் அதற்கு 4 மணித்தியாலம். மொத்தம் 34. 40 மணித்தியால எல்லைக்குள் முதலாமவருக்கு நித்திரைக்கு 5 மணித்தியாலமும், மெதுவாக ஓட்டிய இரண்டாமவருக்கு 6 மணித்தியாலமும் மிஞ்சுகின்றன.

அனுபவசாலிகள் புதியவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான். வேகத்தைக் கூட்ட மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். வீணாக நிற்கும் நேரத்தைக் குறைக்க இன்றே முடியும். நிலையத்தில் இறங்குவதற்கு முன்பே செய்யவேண்டியவற்றை மனதில் வரிசைப்படுத்திக் கொள்வார்கள்: முத்திரை, தண்ணீர், உணவு, கழிப்பறை, புறப்பாடு. பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலத்தை வினாக்களுக்குப் பங்கிடுவதும் இதே வகைக் கணக்குத்தான் என்பதை மாணவிகள் உணர்வர்.

உடலை ஆயத்தம் செய்தல்

பயிற்சி தொடங்குபவர் முதலில் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள், ஒரு மணித்தியாலம் அளவில் ஓட்டிப் பழகுகிறார். வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம். அதன் தூரத்தை 40, 50, 60 என்று சிறுகச் சிறுகக் கூட்டிச் செல்வார். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே. தசை பலம் பெறுவது ஓய்வின்போதுதான். மூச்சு வாங்காமல், பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டு செல்லக்கூடிய வேகமே நெடுந்தூரத்துக்கு ஏற்ற வேகம்.

கழுத்து, முதுகு, வயிற்றுத் தசைகளையும் பலப்படுத்த வேண்டும். 1983இல் அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் சைக்கிளோட்டத்தின்போது மைக்கல் ஷேர்மர் என்பவரின் கழுத்துத் தசைகள் சோர்ந்து, தலையை நிமிர்த்தி வைத்திருக்க முடியாமல் போயின. அந்த நிலை இன்றும் 'ஷேர்மர் கழுத்து' என்றே அழைக்கப்படுகிறது. கால்கள் நன்றாக இருக்க, கழுத்து கைவிட்டதால் பயணத்தை நிறுத்தியவர்கள் பலர்.

உணவு விடயத்தில் ஒரு விதி உண்டு. பசிக்கும் முன் உண்ண வேண்டும், தாகம் எடுக்கும் முன் குடிக்க வேண்டும். எமது உடல் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சக்தியைச் சேமித்து வைத்திருப்பதை விஞ்ஞான பாடத்தில் படித்திருக்கிறோம். கடுமையாக உழைத்தால் அச்சேமிப்பு சில மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும். அப்போது தலை சுற்றும், கை கால் நடுங்கும், அழுகை கூட வரும். இதைத் தவிர்க்க மணிக்கு ஒருமுறையாவது வாழைப்பழம், பேரீச்சம்பழம், பாண், உருளைக்கிழங்கு போன்ற எதையாவது சிறிது சிறிதாக உண்டுகொண்டே செல்வர். வெயிலில் வெறும் தண்ணீரை மாத்திரம் அளவுக்கு மீறிக் குடித்தால், வியர்வையோடு உப்பையும் இழந்த உடலில் சோடியத்தின் செறிவு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். ஆகவே உப்பும் சேர வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது நித்திரை மயக்கம். கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் உறங்கிவிடும். மரம் மனிதனாகத் தெரியும், பாதைக் கோடு அசையும். இந்த அறிகுறி தென்பட்ட உடனேயே பாதையை விட்டு விலகிப் பாதுகாப்பான இடத்தில் படுத்துவிட வேண்டும். இருபது நிமிட நித்திரை கூட ஒரு மனிதரை மீட்டுத் தரும். பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸில் சோதனை நிலையங்களின் மண்டபங்களில் படுக்கைகள் போடப்பட்டிருக்கும். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்தால், தொண்டர்கள் வந்து தட்டி எழுப்புவார்கள்.

சைக்கிளுக்கு முன்னும் பின்னும் லைட்டும், இரவில் உடலுக்கு ஒளிதெறிக்கும் மேலங்கியும் கட்டாயம். மாற்று டியூப், ஒட்டுப் பொருட்கள், காற்றடிக்கும் பம்ப், சிறு சாவிகள் ஆகியனவும் கையிலிருக்க வேண்டும். அவற்றை வைத்திருந்தால் மட்டும் போதாது. இருட்டில், மழையில், களைத்த கையோடு டியூப் மாற்றப் பழகியிருக்க வேண்டும்.

தகுதி வேறு, ஆயத்தம் வேறு

2019ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து முந்நூறு பேரளவில் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸுக்குச் சென்றனர். அனைவரும் நான்கு படிகளையும் முறையாக முடித்தவர்கள். ஆயினும் அவர்களுள் பெரும்பாலானோரால் உரிய நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. காரணம் என்ன? அவர்களுள் பலர் வெப்பமான நாட்டில் தகுதி பெற்றவர்கள். பிரான்ஸில் அந்த ஆகஸ்ட் இரவுகள் கடுங்குளிராக இருந்தன. பகலில் எதிர்க்காற்று வீசியது. அப்பாதையில் பெரிய மலை எதுவும் இல்லாவிட்டாலும், ஏற்றமும் இறக்கமும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். முழுப் பயணத்தின் ஏற்றங்களையும் கூட்டினால் 10,000 மீற்றருக்கும் மேல். அது எமது பிதுருதலாகல மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து நான்கு தடவை ஏறுவதற்குச் சமம்.

குளிர் நாட்டவருக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2007இல் விடாமழை பெய்தபோது பத்தில் மூவர் அளவில் இடையில் நிறுத்தினர். சான்றிதழ், நாம் கடந்து வந்த பாதையைப் பற்றித்தான் பேசுகிறது. இனி வரப்போகும் பாதை எப்படிப்பட்டது என்று விசாரித்து, அதற்கேற்ற உடை, உணவு, பயிற்சி ஆகியவற்றைத் தேடிக்கொள்வது எமது பொறுப்பு. அன்று தோற்றவர்கள் கொண்டுவந்த அனுபவத்திலிருந்து அடுத்தவர்கள் கற்றனர். அவர்களே திரும்பவும் முயன்றதும் உண்டு.

பெண்களும் இப்பயணமும்

1891இல் இப்போட்டியில் பிரெஞ்சு ஆண்களுக்கு மட்டுமே இடமளிக்கப்பட்டது. பெண்ணின் உடல் இதைத் தாங்காது என்பது அக்காலத்தவர் பலரின் எண்ணம். நாற்பது ஆண்டுகளின் பின், 1931இல் பெண்களும் ஓட்டினர். வஸ்ஸார் என்ற பெண்மணி தனியாகச் சைக்கிளோட்டி முழுத் தூரத்தையும் முடித்தார். இன்றும் இப்பயணத்தில் பெண்கள் சிறு தொகையினரே.

ஆனால் தூரம் கூடக் கூட ஆண், பெண் இடைவெளி குறைந்துவிடுவதைக் காட்டிய நிகழ்வு ஒன்று உண்டு. 2019இல் ஐரோப்பாவைக் குறுக்காகக் கடக்கும் 'டிரான்ஸ்கொண்டினென்டல்' போட்டி, பல்கேரியாவின் கருங்கடற்கரையிலிருந்து புறப்பட்டு இதே பிரெஸ்ட் நகரில் முடிந்தது. ஏறத்தாழ 4000 கிலோமீற்றர். உதவியாளர் எவருமின்றித் தனியே ஓட்ட வேண்டும். ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் பங்குபற்றிய அப்போட்டியில் அனைவருக்கும் முதலாவதாக வந்தவர் ஃபியோனா கோல்பிங்கர் என்ற ஜேர்மனியப் பெண். வயது 24. மருத்துவம் கற்றுப் புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர். பத்து நாட்களும் சில மணித்தியாலங்களும் எடுத்தார். அவர் கலந்துகொண்ட முதலாவது நெடுந்தூரப் போட்டியும் அதுவே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இதை வாசிக்கும் எமது மாணவிகள் நாளைக்கே 1200 கிலோமீற்றர் புறப்படப் போவதில்லை. ஆனால் ஒரு மகள் இப்படி ஏதோ ஒன்றை, அது சைக்கிளோட்டமாயினும் மலையேற்றமாயினும் தூர நகரத்துப் படிப்பாயினும், செய்யப்போவதாக வீட்டில் சொல்லும் நாள் வரலாம். அன்று உம்மாவும் வாப்பாவும் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தைக் கேள்விகளாக மாற்றிக் கேட்கலாம். எவ்வளவு காலம் பயிற்சி செய்தாய்? இரவில் எங்கே தங்குவாய்? கூட யார் வருகிறார்கள்? லைட் இருக்கிறதா? இயலாமல் போனால் எங்கே நிறுத்துவாய், எப்படித் திரும்புவாய்? ஆயத்தமாக இருப்பவளிடம் இவற்றுக்கெல்லாம் விடை இருக்கும். விடை இல்லாவிட்டால், அவள் இன்னும் ஒரு படி கீழிருந்து தொடங்க வேண்டும் என்று அவளுக்கே விளங்கும்.

இறுதிக் கேள்வி முக்கியமானது. நெடுந்தூரப் பயணிகள் 'நிறுத்துதல்' என்பதைப் பயிற்சியின்போதே பேசி வைக்கிறார்கள். நித்திரை மயக்கத்தில் தொடர்வதைவிட, நிறுத்திவிட்டு உயிரோடு வீடு வருவது மேலானது. அட்டையில் முத்திரை இல்லாமல் போகலாம். ஆனால் அடுத்த ஆண்டு 200 கிலோமீற்றரிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

பிரெஸ்ட் செல்லும் பாதையோரக் கிராமங்களில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. நள்ளிரவிலும் வீட்டு வாசலில் மேசை போட்டு, முன்பின் அறியாத பயணிகளுக்குத் தண்ணீரும் கோப்பியும் அப்பமும் வைத்துக்கொண்டு பெரியவர்களும் சிறுவர்களும் காத்திருப்பார்கள். பலர் காசு வாங்குவதில்லை. ஊர் திரும்பியதும் ஒரு தபாலட்டை அனுப்புங்கள் என்று மட்டும் கேட்பார்கள். சைக்கிளை மிதிப்பவர் தனியாள்தான். ஆனால் அந்தத் தொண்ணூறு மணித்தியாலங்களில் அவரைக் கொண்டுசேர்ப்பதில், முத்திரை குத்துபவருக்கும் தட்டி எழுப்புபவருக்கும் வாசலில் தண்ணீர் வைத்தவருக்கும் பங்குண்டு. எமது வீடுகளிலும் அப்படியொரு மேசை, புறப்படும் பிள்ளைக்காக வாசலில் போடப்பட்டிருக்கட்டும்.